கடன் சங்கங்களும் பொது மென்பொருளும்: கேள்வி – பதில்

எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், இத்தகைய சங்கங்களுக்கான தேசியப் பொது மென்பொருளுக்கு மாறிவிட்டது. கையால் எழுதும் நாளேட்டையும் பேரேட்டையும் நிறுத்திவிடலாமா? (செயலாளர், திருவாரூர் மாவட்டம்)

இரண்டிலும் இருப்பு ஒத்துப்போகும் வரை நிறுத்தக் கூடாது. ஒத்துப்போன பிறகும் துறையின் எழுத்துப்பூர்வமான ஆணை கையில் இருக்கட்டும். வாய்மொழியாகச் சொன்னார்கள் என்பதைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார்.

சங்கம் கணினிமயமாகி மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியுடன் இணைக்கப்படுகிறது. சங்கத்தில் உள்ள என் வைப்புத்தொகைக்கு இனி 5 லட்சம் வரை காப்பீடு உண்டு அல்லவா? (உறுப்பினர், ஈரோடு)

இல்லை. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் வைப்புகளுக்குக் காப்பீடு உண்டு; தொடக்கச் சங்கம் வங்கிச் சட்டத்தின்படி வங்கியே அல்ல என்பதால் அதன் வைப்புகளுக்குக் கிடையாது. மென்பொருள் மாறியதால் சட்டம் மாறிவிடாது. இதைப் பலமுறை எழுதிவிட்டேன். கேள்வி ஓயாத வரை மீண்டும் எழுதுவேன்.

மென்பொருளுக்காக எங்கள் சங்கம் பணம் கட்ட வேண்டுமா? (தனி அலுவலர், சேலம்)

சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டத்தில் வருவது அந்த மென்பொருள். தொடக்கத்தில் சுமார் 63,000 சங்கங்கள், சுமார் 2,500 கோடி ரூபாய். செலவில் ஏறக்குறைய 60 சதவீதம் மத்திய அரசினுடையது. மென்பொருள், கருவிகள், தரவேற்றம், பயிற்சி ஆகியவை திட்டச் செலவில் அடங்கும். திட்டக் காலம் முடிந்த பின் இணையமும் பழுதுபார்ப்பும் சங்கத்தின் தலையில் விழக்கூடும் என்பதால், வரவு செலவுத் திட்டத்தில் இப்போதே ஒரு தொகை ஒதுக்கிவிடுங்கள்.

தரவேற்றம் முடிந்த நாளிலிருந்து எங்கள் கணக்கும் மத்திய வங்கியின் கணக்கும் பொருந்தவில்லை. மென்பொருளில் பிழையா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பிழை மென்பொருளில் இருப்பது அரிது. நீங்கள் அதனுள் போட்ட தொடக்க இருப்பில்தான் இருக்கும். பல சங்கங்களில் நடந்தது இதுதான்: பழைய பேரேடுகளைத் தட்டச்சு செய்ய வந்த ஒப்பந்தப் பிள்ளைகளிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, அவர்கள் ஏற்றியதைத் திறந்துகூடப் பாராமல் செயலாளரின் கடவுச்சொல்லையும் அவர்களிடமே கொடுத்து ஒப்புதல் அளிக்கச் செய்தார்கள்; விழுந்த வித்தியாசத்தை, கணக்கு தெரியாத தொகையைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துத் தலைப்பில் தள்ளிவிட்டு, பணி முடிந்தது என்று அறிக்கை அனுப்பினார்கள். நூறு சங்கங்கள் ஒரே மென்பொருளில் இணைந்தால், நூறு சங்கங்களின் பழைய குளறுபடியும் ஒரே இடத்தில் வெளிச்சத்துக்கு வரும். அதைக் கண்டு மென்பொருளைக் குறை சொல்வதில் பொருளில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. பங்குப் பேரேட்டில் 'மு. கந்தசாமி', கடன் பேரேட்டில் 'கந்தசாமி மு.' என்று இருந்தால், ஆதார் எண்ணை ஒப்பிடாமல் ஏற்றும்போது அவர் இரண்டு உறுப்பினர் ஆகிவிடுவார். பங்குத் தொகை ஒருவரிடம், நிலுவை மற்றவரிடம். அடுத்த பருவத்தில் அவர் பயிர்க் கடன் கேட்டு வந்தால், கடனுக்கேற்ற பங்கு இல்லை என்று திரை மறுக்கும். சிட்டா, அடங்கலோடு அவர் படியேறி இறங்க வேண்டியதுதான். 2021 நகைக்கடன் தள்ளுபடியின்போது ஒரே ஆதாரில் பல சங்கங்களில் கடன் பெற்றவர்கள் தெரியவந்ததும், சிதறிக் கிடந்த விவரங்களை ஓரிடத்தில் சேர்த்துப் பார்த்ததால்தான்.

உறுப்பினர்வாரிப் பட்டியலின் கூட்டுத்தொகையைப் பொதுப் பேரேட்டின் ஒவ்வொரு தலைப்போடும் ஒப்பிடுங்கள். பிறகு மத்திய வங்கியிடம் இருப்புச் சான்று வாங்கி, உறுப்பினரிடம் வசூலித்தும் வங்கிக்குச் செலுத்தாத தொகையைப் பிரித்தெடுங்கள். தவறுதலாக அசலில் வரவு வைத்த வட்டி கடைசியில் அகப்படும். கடவுச்சொல்லை மட்டும் இன்றே மாற்றுங்கள்.

இனி சங்கக் கணக்கிலிருந்து கைப்பேசியில் பணம் அனுப்பலாமா? (விவசாயி, தேனி)

சங்கக் கணக்கிலிருந்து முடியாது. மத்திய வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள்.

மாவட்ட மத்திய வங்கிகள் தனித்தனியே தொழில்நுட்பம் வாங்குவதைவிட இணைந்துவிட்டால் என்ன? (வங்கி ஊழியர், மதுரை)

இணைப்பும் பகிர்வும் வெவ்வேறு. கேரளம் 2019-இல் 13 மாவட்ட வங்கிகளை மாநில வங்கியோடு இணைத்தது. அங்கே மாவட்ட அடுக்கின் தன்னாட்சியும் சேர்ந்தே போயிற்று. வங்கிகள் தனித்தனியாகவே இருந்து, தரவு மையம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றைப் பொதுவில் வாங்குவது மற்ற வழி. 'சஹகார் சாரதி' என்னும் பொதுச் சேவை நிறுவனம் அதற்காகவே உருவாக்கப்பட்டது. நமது மாவட்ட மத்திய வங்கிகளுக்கு இரண்டாவதே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் விலகும்போது தரவு எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்திடாதீர்கள்.

மென்பொருள் வேலை செய்யவில்லை. உடனே பதில் தேவை. (ஊர் இல்லை, பதவி இல்லை)

எந்தப் பகுதி, என்ன செய்தி திரையில் வந்தது என்று எதுவும் எழுதாமல் உடனே பதில் கேட்டால் நான் சோசியம்தான் பார்க்க வேண்டும்.

பக்கத்து ஊர்ச் சங்கங்கள் மூன்று சேர்ந்து ட்ரோனும் டிராக்டரும் வாங்கி வாடகைக்கு விடலாமா? (செயலாளர், விழுப்புரம்)

விடலாம். ஒரு சங்கத்தின் பெயரில் வாங்கி, மற்ற இரண்டும் வாடகை ஒப்பந்தம் செய்துகொள்வது எளிது. மூன்று சங்கங்களின் தீர்மானமும் தேவை. வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 7 ஆண்டுகள் வரை 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. உங்கள் கருவிகள் அதில் அடங்குமா என்று வாங்குவதற்கு முன் கேளுங்கள். நடவு நாள்களில் யார் ஊருக்கு வண்டி முதலில் போகும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.