இறால் குளத்தில் வைரஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தீவனத் தட்டில் தீவனம் மிஞ்சுகிறது. சில இறால்கள் சோர்ந்துபோய்க் கரையோரம் ஒதுங்குகின்றன. ஓட்டில் புள்ளி எதுவும் இல்லை. பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும்) பரிசோதனையும் 'நெகட்டிவ்'. வைரஸால் வரும் வெள்ளைப்புள்ளி நோய் இல்லையென்று நம்பலாமா?

பதில்: பரிசோதனைக்கு எந்த இறாலைக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நடுக்குளத்தில் வலை வீசிப் பிடித்த துடிப்பான இறாலாக இருந்தால் அந்த அறிக்கையை நம்பி உட்கார வேண்டாம். கரையில் ஒதுங்கிய, இன்னும் உயிர் இருக்கும் இறால்தான் வேண்டும். செத்துக் கிடந்தவை சீக்கிரம் அழுகுவதால் அவற்றில் டிஎன்ஏ சிதைந்திருக்கும்.

புள்ளி இல்லாததை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். பண்ணைகளில் வளர்க்கும் வனாமி வகை இறாலில் புள்ளியே தோன்றாமல் உடல் சிவந்து மடிவது சகஜம். மறுபுறம், இந்த வைரஸ் இல்லாமலே காரத்தன்மை மிகுந்த நீரிலும், சில பாக்டீரியாக்களாலும் ஓட்டில் வெள்ளைப் புள்ளி வருவதுண்டு.

மறுபடி மாதிரி எடுங்கள். ஐந்து முதல் பத்து இறால்களில் நீந்துகாலையும் செவுளில் சிறு துண்டையும் வெட்டுங்கள். கண்ணைச் சேர்க்காதீர்கள், அதிலுள்ள பொருள்கள் பிசிஆர் வினையைத் தடுத்து, வைரஸ் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். கல்லீரல்கணையமும் (இறாலின் செரிமானச் சுரப்பி) இந்த வைரஸுக்கு ஏற்ற உறுப்பு அல்ல. திசு ஒரு பங்கு என்றால் 95 சதவீத எத்தனால் பத்துப் பங்கு ஊற்றுங்கள். எத்தனாலைக் குறைப்பதுதான் பலர் செய்யும் தவறு: திசுவிலிருக்கும் நீர் எத்தனாலை நீர்த்துப்போகச் செய்யும், மாதிரி கெடும். ஃபார்மலின் கூடாது, அது டிஎன்ஏவைப் பாழாக்கும். பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். அடுத்த குளத்துக்குப் போகுமுன் கையுறையை மாற்றுங்கள், கத்தரிக்கோலைத் தீயில் வாட்டுங்கள். இல்லாவிட்டால் நல்ல குளமும் 'பாசிட்டிவ்' ஆகும்.

எந்த நோய்க்கான பரிசோதனை என்பதையும் கேளுங்கள். வெள்ளைப்புள்ளிக்கான பிசிஆர் தசைச்சிதைவு வைரஸைக் காட்டாது. அது ஆர்என்ஏ வைரஸ் என்பதால் ஆர்என்ஏவை முதலில் டிஎன்ஏவாக மாற்றிச் செய்யும் ஆர்டி-பிசிஆர் தேவை. வால் தசை வெளுத்திருந்தால் அந்தப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். ஆனால் ஆக்ஸிஜன் குறைந்தாலும் வால் தசை வெளுக்கும். முதலில் விடியற்காலை ஆக்ஸிஜன் அளவைப் பாருங்கள்.

கேள்வி: இருப்பு விடுமுன் எத்தனை குஞ்சுகளைச் சோதிப்பது?

பதில்: நூற்றில் இரண்டுக்கு நோய் இருந்தாலும் 95 சதவீத உறுதியோடு பிடிக்க 150 குஞ்சுகள் வேண்டும். 60 எடுத்தால் நூற்றில் ஐந்து, 30 எடுத்தால் நூற்றில் பத்து இருந்தால்தான் அதே உறுதி. தொட்டிக்குத் தொட்டி தனியாக, பல இடங்களிலிருந்து எடுங்கள். இங்கும் கண்களை நீக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அறிக்கையில் 'இரண்டாம் கட்டத்தில் மட்டும் பாசிட்டிவ்' என்றால்?

பதில்: இரண்டு கட்டமாகச் செய்யும் நெஸ்டட் பிசிஆரில் முதல் கட்டத்திலேயே பட்டை (வைரஸ் டிஎன்ஏ இருப்பதைக் காட்டும் கோடு) தெரிந்தால் வைரஸ் மிகுதி. இரண்டாம் கட்டத்தில் மட்டும் தெரிந்தால் குறைவு, ஆனால் இருக்கிறது. குஞ்சுகளாக இருந்தால் வாங்காதீர்கள். குளத்து இறாலாக இருந்தால் நீர் மாற்றுவதை உடனே நிறுத்தி, மதகை அடையுங்கள். வலையையும் வாளியையும் அந்தக் குளத்தோடு வையுங்கள். நோய் முற்றினால் 3 முதல் 10 நாளில் பெரும்பாலும் மடிந்துவிடும். அதனால் விற்கும் எடை வந்திருந்தால் அறுவடையைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீரை மட்டும் அப்படியே வெளியேற்றிவிடாதீர்கள்: 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) குளோரின், அதாவது 30 சதவீத ப்ளீச்சிங் பவுடர் என்றால் ஆயிரம் கனமீட்டருக்கு 100 கிலோ போட்டு, ஒரு வாரமாவது தேக்கி வையுங்கள்.