வாசகர் கேள்வி: அம்ப்ளிபயர் வாங்குமுன் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, துபாயிலிருந்து திரும்பிய என் அண்ணன் ஒரு சோடி ஸ்பீக்கர் பெட்டிகளைக் கொண்டுவந்து தந்தார். அவற்றின் பின்புறத்தில் ‘6 ஓம், 86 டெசிபல், 100 வாட்’ என்று அச்சிடப்பட்டுள்ளது. தோட்டத்தில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டில், பன்னிரண்டுக்குப் பதினாறு அடி முன்னறையில் அவற்றை வைக்க எண்ணியிருக்கிறோம். ஹட்டனில் மூன்று கடைகளில் விசாரித்தேன். முதற் கடையில் 1,200 வாட் என்று எழுதிய புதிய அம்ப்ளிபயரைக் காட்டினார்கள். இரண்டாவதில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த ஸ்டீரியோ ரிசீவர், 50 வாட். மூன்றாவதில் உள்ளங்கையளவு ‘கிளாஸ் டி’ பெட்டி. அப்பாவுக்கு வானொலி வேண்டும். பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியை இணைக்க வேண்டும். எதை வாங்குவது?
– ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

பதில்: மூன்று கடைகளிலும் உங்களுக்கு வாட் கணக்கையே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் எழுதிய எண்களில் முதலில் பார்க்க வேண்டியது 86 டெசிபல்தான். ஒரு வாட் அளவு மின்வலுவைக் கொடுத்து, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் அந்தப் பெட்டி எவ்வளவு சத்தம் தரும் என்பதை அது காட்டுகிறது. நீங்கள் மூன்று மீற்றர் தள்ளி அமர்ந்தால் தூரத்தால் சுமார் 9.5 டெசிபல் குறையும். பெட்டிகள் இரண்டு என்பதால் 3 டெசிபல் கூடும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இன்னும் சிறிது சேர்க்கும். ஆகவே பெட்டிக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே உங்கள் நாற்காலியில் ஏறத்தாழ 80 டெசிபல் கேட்கும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவுதான் என்பதை நினைவிற் கொண்டால், பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவதற்கு அந்த ஒரு வாட்டே போதும் என்பது விளங்கும்.

பிறகு எதற்கு ஐம்பது வாட் என்று நீங்கள் கேட்கலாம். பாட்டு ஒரே சீராக ஓடுவதில்லை. தவிலில் ஓர் அடி விழும் கணத்தில் ஒலி சராசரியை விட 10, 15 டெசிபல் எழும்பும். 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் மின்வலு இரண்டு மடங்காக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு வேண்டும். அந்த ஒரு வாட் கணப்பொழுதில் பத்தாகவும் முப்பதாகவும் உயர இடமிருக்க வேண்டும் என்பதற்காகவே, உங்கள் அறைக்கு உண்மையான 30 முதல் 50 வாட் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். பெட்டியின் பின்னால் உள்ள 100 வாட் அது தாங்கும் எல்லையே தவிர, அவ்வளவு கொடுத்தாக வேண்டும் என்ற கட்டளை அல்ல.

‘உண்மையான’ என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். 1,200 வாட் அம்ப்ளிபயரைக் கடைக்காரரிடம் கேட்டுத் திருப்பிப் பாருங்கள். மின்கம்பி உள்ளே நுழையும் இடத்துக்கு அருகில், அது மின்சாரத்திலிருந்து எவ்வளவு எடுக்கிறது என்று ஒரு சிறு எண் இருக்கும். முன்முகத்தில் 1,200 என்று கொட்டை எழுத்தில் இருந்து, முதுகில் 60 வாட் என்று இருந்தால், வாங்குவது அறுபது, கொடுப்பது ஆயிரத்து இருநூறு என்ற கணக்கு எந்தக் கடையிலும் செல்லாது. சூடாக வீணாவது போக, இடம், வலம் என்று பக்கத்துக்குப் பதினைந்து வாட் தொடர்ந்து கிடைத்தாலே பெரிது. கணப்பொழுது உச்சத்தைக் குறிப்பதாகச் சொல்லும் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற எழுத்துகளோடு வரும் எண்களை நான் விலைச்சீட்டின் அலங்காரமாகத்தான் கருதுகிறேன். நம்பத்தக்க தயாரிப்பாளர் எத்தனை ஓமுக்கு, எந்த ஒலி அதிர்வெண் எல்லைக்குள், இரு பக்கமும் ஒன்றாக இயங்கும்போது எவ்வளவு, எத்தனை வீதம் ஒலித் திரிபு என்று விபரமாகவே எழுதுவார். அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டிலேயே இப்படி அளந்துதான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி செய்தார்கள்.

இனி, அம்ப்ளிபயரும் வானொலியும் ஒரே பெட்டியில் அடங்கிய அந்த ஜப்பானிய ரிசீவருக்கு வருவோம். நல்ல சாமான், ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது மின்சாரம். அங்கே 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். பிளக்கை மாற்றி, நம் சுவரில் செருகும்படி கொடுத்துவிடுவார்கள். செருகுவதற்குப் பொருந்துவதாலேயே அது பொருந்திவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன் நானே அந்தத் தவறைச் செய்தேன்: சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல், பிறகு வார்னிஷ் கருகும் வாடை, பிறகு அமைதி. பின்புறத்தில் ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவில் ‘100’ என்ற எண் தெளிவாகவே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஆகவே வாங்கினால் 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமரையும் சேர்த்து விலை பேசுங்கள். ரிசீவரின் முதுகில் உள்ள வாட் எண்ணைப் போல் இரு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்போமராக அது இருக்கட்டும்.

இரண்டாவது குறை உங்கள் அப்பாவைத் தொடுவது. ஜப்பானில் எப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்குகிறது. அந்நாட்டுக்கென்று செய்த பழைய ரிசீவர்கள் 90 உடன் நின்றுவிடும். நம்முடைய நிலையங்கள் 88 முதல் 108 வரை பரந்திருக்கின்றன. ஊசியை எவ்வளவு திருப்பினாலும் 90க்கு மேல் உள்ள எந்தத் தமிழ் நிலையமும் அதில் அகப்படாது. வானொலி வேண்டும் என்பதற்காகவே ரிசீவர் வாங்குகிறவர், அதில் வானொலி கேட்க முடியாமற் போவது நகைப்புக்குரியதா வருத்தத்துக்குரியதா என்று நீங்களே சொல்லுங்கள்.

இவ்விரண்டையும் பொறுத்துக்கொண்டு வாங்குவதானால், கடையிலேயே மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். சுவிட்சைப் போட்டுச் சில வினாடிகளில் உள்ளே, ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கிச் சுவிட்சான ரிலே ‘டிக்’ என்று விழ வேண்டும். வொலியூம் குமிழை மெதுவாகத் திருப்பும்போது கரகரப்பு வரக்கூடாது; சிறு கரகரப்பைத் துப்புரவு செய்யலாம், ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால் வாங்காதீர்கள். கடைசியாக, ஸ்பீக்கர்களைக் கழற்றி, பாட்டு எதுவும் போடாமல், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை நேரோட்ட (டி.சி.) வோல்ட் அளவில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நன்று. வோல்ட் கணக்கில் காட்டினால், அண்ணன் கொண்டுவந்த பெட்டிகளை அந்த ரிசீவரின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது கடையின் சிறு பெட்டியைப் பலர் விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குகிறார்கள். நான் ஒதுக்க மாட்டேன். கிளாஸ் டி வகை மின்சாரத்தைச் சூடாக வீணாக்குவது மிகக் குறைவு என்பதால்தான் அது உள்ளங்கையளவில் அடங்குகிறது. அதில் பார்க்க வேண்டியது அடாப்டரைத்தான். 12 வோல்ட் அடாப்டரோடு தந்தால், உங்கள் 6 ஓம் பெட்டிக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் பக்கத்துக்கு 12 வாட். 24 வோல்ட் என்றால் அது 48 வாட் வரை உயரும். அம்ப்ளிபயரின் மேல் என்ன எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. உங்கள் நிலையில் நான் இதைத்தான் வாங்குவேன்: 24 வோல்ட், 5 அம்பியர் அடாப்டரோடு, ஒளி வழியாக ஒலியை வாங்கும் ஒப்டிகல் துளை உள்ளதாகப் பார்த்து. தொலைக்காட்சியிலிருந்து ஒப்டிகல் கம்பியால் இணைத்தபின் சத்தம் வராவிட்டால் அம்ப்ளிபயரைக் குறை சொல்லுமுன், தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில், சுருக்கப்படாத ஒலி வடிவமான ‘பி.சி.எம்.’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அப்பாவின் பழைய ரேடியோவில் இயர்போன் துளை இருந்தால் அதிலிருந்து ஒரு கம்பி. அவர் பழகிய குமிழை அவரே திருப்பிக்கொள்ளட்டும்.

கேள்வி: என் அம்ப்ளிபயரில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு சோடி ஸ்பீக்கர் முனைகள் உள்ளன. முன்னறையிலும் குசினியிலும் இரண்டு சோடியை ஒன்றாக ஓட்டலாமா? சிறிது நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது.
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: அநேகமான அம்ப்ளிபயர்களில் இரண்டையும் போட்டால் அவை பக்கம் பக்கமாக இணைந்து, தடை பாதியாகிவிடும். 8 ஓம் இரண்டு சேர்ந்தால் 4. 6 ஓம் இரண்டு சேர்ந்தால் 3. முனைகளின் அருகே ‘ஏ+பி: 16 ஓம்’ என்பதுபோல் எழுதியிருந்தால், இரண்டையும் போடும்போது ஒவ்வொரு பெட்டியும் அந்த அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே பொருள். தானாக நிற்பது கோளாறு அல்ல; அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்திலிருந்து அது தன்னைக் காத்துக்கொள்கிறது. ஒரு நேரத்தில் ஒரு சோடியை மட்டும் ஓட்டுங்கள்.

கேள்வி: அம்ப்ளிபயர் பனிக்காலத்தில் கரகரக்கிறது. தூசு படாமல் பின்னல் துணியால் மூடித்தான் வைத்திருக்கிறோம். என்ன காரணம்?
– இல்லத்தரசி ஒருவர், நுவரெலியா

பதில்: ஆறாயிரம் அடி உயரத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறது, குமிழ்களுக்கும் சுவிட்சுகளுக்கும் உள்ளே உள்ள உலோகத் தொடுகைகள் அந்த ஈரத்தில் மங்கிவிடுகின்றன. மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, தொடுகைகளுக்கென்று விற்கும் துப்புரவுத் திரவத்தைக் குமிழின் உள்ளே சிறிது அடித்து, முப்பது நாற்பது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். தேங்காய் எண்ணெய் ஆகாது. கரகரப்பு பனிக்காலத்தில் மட்டுமே வருகிறது என்பதால் தினமும் சிறிது நேரம் ஓட்டுவதும் உதவும், உட்சூடே ஈரத்தை விரட்டும். அழகான அந்தப் பின்னல் துணியை ஓடும்போது எடுத்துவிடுங்கள். மேல்மூடியில் உள்ள துளைகள் சூடு வெளியேறும் வழி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி தொடங்கினால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, பிளக்கையும் அன்டெனா கம்பியையும் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: தங்க முலாம் பூசிய விலையுயர்ந்த ஸ்பீக்கர் கம்பி அவசியமா? புதிதாக இணைத்ததில் பேஸ் சத்தமே இல்லை.
– மாணவர் ஒருவர், பண்டாரவளை

பதில்: அவசியமில்லை. நான்கைந்து மீற்றர் தூரத்துக்குச் சாதாரண 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி தாராளம். பேஸ் காணாமற் போனதற்குக் கம்பியின் விலை காரணமல்ல. ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். ஒரு பெட்டியின் கோன் (அதிரும் கூம்பு) முன்னே வரும்போது மற்றது பின்னே போனால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அம்ப்ளிபயரை அணைத்துவிட்டு, ஒரு பெட்டியில் மட்டும் இரண்டு கம்பிகளையும் மாற்றிப் பூட்டிப் பாருங்கள்.