காப்புறுதி, சனல் காசு, வைத்தியர் சம்பளம்: வாசகர் கேள்விகள்

டொக்டர், தமிழ்நாட்டில் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் தனியார் ஆஸ்பத்திரியிலேயே ஒப்பரேஷன் செய்கிறார்கள். இலங்கையில் எங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால் என்ன? (நிலாவெளி)

அட்டை பில்லைக் கட்டும். சிகிச்சை தர ஆளையும் கட்டிலையும் கொண்டுவராது. தமிழ்நாட்டில் 2009இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது மாவட்டங்களில் தனியார் ஆஸ்பத்திரிகள் ஏற்கெனவே இருந்தன. எங்கள் திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் இருப்பவர் கையில் அட்டை இருந்தாலும் பெரிய சத்திரசிகிச்சை என்றால் மட்டக்களப்பு, கண்டி, கொழும்பு என்றுதான் ஓட வேண்டும். கூட நிற்கிறவரின் நாள்கூலி எந்த அட்டையிலும் வராது. அட்டைக் காசோ பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கும் கொழும்புக்கே போய்ச் சேரும்.

அப்புறம், நாங்கள் ஏற்கெனவே பிரீமியம், அதாவது காப்புறுதிக் கட்டணம், கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். கடையில் வாங்கும் சவர்க்காரத்தில் 18 வீத வற் வரி இருக்கிறதே, அரச வைத்தியசாலை ஓடுவது அந்த மாதிரி வரிகளில்தான்.

எனக்குப் பிடித்தது தாய்லாந்து வழி. 2002இல் அவர்கள் தனியாகப் பிரீமியம் கேட்கவில்லை, வரிப்பணத்தையே வேறு விதமாகப் பங்கிட்டார்கள். வெளிநோயாளர் சிகிச்சைக்குத் தலைக்கு இவ்வளவு என்று, அந்தப் பகுதியில் பதிவான சனத்துக்கு ஏற்ப, உள்ளூர் வைத்தியசாலைகளுக்குப் பணம் போனது. வார்டில் தங்குவோருக்கு நோயின் வகையைப் பார்த்து, ஒரு மொத்த வரம்புக்குள் கொடுத்தார்கள். இங்கே அப்படிச் செய்தால் கிண்ணியாச் சனத்துக்குரிய பணம் கிண்ணியா வைத்தியசாலைக்கே வரும். நான் கேட்பது இதைத்தான்.

காலையில் அரச ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடம், பின்னேரம் சனல் பண்ணினால், அதாவது காசு கட்டித் தனியாகப் பார்த்தால், பத்து நிமிடம். ஒரே வைத்தியர்தானே? (உப்புவெளி)

உங்கள் கோபம் நியாயமானது. கடமை நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்க அரச வைத்தியர்களுக்கு 1977இல் அனுமதி கிடைத்தது. காலையில் எத்தனை பேரைப் பார்த்தாலும் சம்பளம் ஒன்றுதான். பின்னேரம் ஒவ்வொரு தலைக்கும் காசு. நல்ல மனிதரையும் இந்த ஏற்பாடு மெல்லப் பின்னேரத்தின் பக்கம் சாய்த்துவிடும். ஆனால் காலை ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் நூற்றுக்கணக்கானோர் நிற்பதையும் சொல்ல வேண்டும், அது வைத்தியரின் மனசைப் பொறுத்ததல்ல.

சனலைத் தடை செய்தால் தீருமா? தீராது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டை விட்டே போனார்கள் என்று பார்த்தோம். 2024 ஜனவரியில் வைத்தியர்களின் கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ஆனது. உடனே மற்றச் சுகாதார ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. தாதியும் ஆய்வுகூட உத்தியோகத்தரும் இல்லாமல் மூதூரில் ஒரு வைத்தியர் தனியே என்ன செய்வார்? தூர இடத்தில் தங்கி வேலை செய்யும் முழு அணிக்கும் கூடுதல் கொடுப்பனவு கொடுக்க வேண்டும்.

மகள் டொராண்டோவில். அங்கே வைத்தியர்களே அரச காப்புறுதியை விரும்புகிறார்களாம், உண்மையா? (திருகோணமலை நகர்)

இப்போது பெரும்பாலானோர் அப்படித்தான். தொடக்கத்தில் கதையே வேறு. 1962 ஜூலையில் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம் அரச மருத்துவக் காப்புறுதியைக் கொண்டுவந்தபோது வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரசாங்கம் தங்களைச் சம்பளக்காரர் ஆக்கிவிடும் என்ற பயம். கடைசியில் தனித் தொழிலாகவே நடத்தலாம், ஒவ்வொரு சிகிச்சைக்கும் காப்புறுதி காசு தரும் என்று சமரசம் வந்தது. இங்குள்ள வைத்தியர்களுக்குப் பயம் வேறு. எந்தப் பரிசோதனை தேவை என்பதைக் காப்புறுதிக் கந்தோர் தீர்மானிக்குமோ, நோயாளியைப் பார்க்கும் நேரம் கிளெயிம் படிவத்தில் போகுமோ என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன்.

அக்ரஹார (அரச ஊழியர் காப்புறுதி) இருந்தும் கையிலிருந்து செலவாகிறதே? (மூதூர், ஆசிரியை)

அது பெரும்பாலும் வார்டில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு உரியது, அதற்கும் உச்சவரம்பு உண்டு. மாதாமாதம் பாமசியில் வாங்கும் பிரஷர், சீனி மருந்துகளை அதில் எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்கு அரச கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள் ரீச்சர், இலவசம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸுக்குக் காசு கேட்பார்களா? (தம்பலகாமம்)

இல்லை, ஒரு சதமும் இல்லை. நெஞ்சுவலி என்றால் ஓட்டோ தேடி நிற்காமல் உடனே அழையுங்கள்.