கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குச் சென்று வரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் எட்டு ஆண்டுகளாக எச்-1பி எனும் வேலை விசாவில் பணியாற்றுகிறேன். எனக்குக் கிரீன் கார்டு (நிரந்தர வசிப்புரிமை) கோரும் முதல் படியாக நிறுவனம் தாக்கல் செய்த ஐ-140 மனு முன்பே ஏற்கப்பட்டுவிட்டது. வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் முன்னுரிமைத் தேதியின் முறை நெருங்கி வருவதால், நானும் என்னைச் சார்ந்தவராக எச்-4 விசாவில் இருக்கும் மனைவியும் இங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க இருக்கிறோம். ஊரில் அம்மா உடல்நலமின்றி இருக்கிறார். விண்ணப்பித்தபின் அவரைப் பார்க்கச் சென்றால் விண்ணப்பம் ரத்தாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். என் பிறப்புச் சான்றிதழில் பெயரும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: நண்பர்கள் சொல்வது பொது விதி. அமெரிக்காவில் இருந்தபடியே கிரீன் கார்டு கேட்கும் ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே குடியேற்றத் துறை கருதும். மாணவர் விசாவில் இருப்பவர்களை இவ்விதி முழுமையாகக் கட்டுப்படுத்தும். ஆனால் எச்-1பி, எல்-1 (ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றம் பெறுவோருக்கானது) விசாக்களில் இருப்பவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. நீங்கள் அதே நிறுவனத்தின் பணிக்கே, செல்லுபடியாகும் எச்-1பி விசாவுடன் திரும்ப வேண்டும். நீங்கள் எச்-1பி நிலையில் நீடிக்கும்வரை உங்கள் மனைவியும் எச்-4 விசாவுடன் திரும்பலாம்.

சிக்கல் பெரும்பாலும் கடவுச்சீட்டில் இருக்கும் விசா முத்திரையில்தான் வருகிறது. அமெரிக்காவுக்குள் பணிக்கால நீட்டிப்பு பெற்ற பலருக்கும் அந்த முத்திரை எப்போதோ காலாவதியாகியிருக்கும். ஊருக்குப் போனால் தூதரகத்தில் புதிய முத்திரை பெற்ற பிறகே திரும்ப முடியும், அதற்கான நேர்காணல் தேதி நம் அவசரத்துக்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஐ-485 விண்ணப்பத்துடன் ஐ-131 படிவத்தையும் சேர்த்தே அனுப்பி, ‘அட்வான்ஸ் பரோல்’ எனும் பயண அனுமதியைக் கேட்டு வைப்பதே என் பரிந்துரை. அந்த அனுமதியை நம்பிப் பயணம் செய்வதானால், புறப்படுமுன் அது கையில் இருக்க வேண்டும். விண்ணப்பித்துவிட்டோம் என்பது மட்டும் போதாது. அம்மாவின் நிலை திடீரென மோசமானால், மருத்துவமனைக் கடிதத்தைக் காட்டி அவசர அனுமதி கோர வழி உண்டு. கடிதம் தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஐ-485 அடிப்படையில் கிடைக்கும் வேலை அனுமதி அட்டையைக் கொண்டு வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் எச்-1பி நிலையும், அதனோடு மேற்சொன்ன விலக்கும் போய்விடும். அதன்பின் பரோல் இல்லாமல் பயணம் கூடாது. வேலை மாறுவதாயின், விண்ணப்பம் 180 நாட்கள் நிலுவையில் இருந்தபின், அதே வகையைச் சேர்ந்த பணிக்கு மாறுவதே பாதுகாப்பானது.

பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ் நம்மூரில் புதிதல்ல. முந்தைய தலைமுறையில் ‘ஆண் குழந்தை’ என்று எழுதியதோடு பதிவை முடித்துவிட்டார்கள். பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்க்க முடியுமா என்று முதலில் முயலுங்கள். அது இயலாவிட்டால், பள்ளிச் சான்றிதழ் போன்ற பழைய ஆவணங்களையும், உங்கள் பிறப்பை நேரில் அறிந்தவர்கள் தரும் பிரமாணப் பத்திரங்களையும் இணைக்கலாம். அவ்வாறு சொல்ல உங்கள் அம்மாவைவிடத் தகுதியானவர் யார்? அவரால் கையெழுத்திட முடியும்போதே அதை வாங்கி வையுங்கள்.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்தால், விண்ணப்பிக்கும் முன்பே ஒருமுறை ஊருக்குச் சென்று வருவது நல்லது என்று தோன்றுகிறது, முத்திரை செல்லுபடியாக இருந்தால். ஆனால் எந்த முன்னுரிமைத் தேதி வரை உள்ளவர்களின் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா அறிக்கையைக் கவனித்தே பயணத் தேதியைக் குறியுங்கள். அதிலுள்ள தேதிகள் முன்னே நகர்வதுபோலப் பின்னுக்கும் போவதுண்டு. விண்ணப்பம் தாக்கலாகும் நாளில் நீங்கள் இருவரும் அமெரிக்காவில் இருந்தாக வேண்டும்.