வடசென்னை ஸ்கூல் பசங்களுக்கு படிப்புல ஆர்வமே இல்ல, புது டீச்சர் நான் என்ன பண்றது?

எட்டாவதுக்கு கணக்கு எடுக்குறேன், பசங்க போர்டையே பாக்க மாட்றாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் ராயபுரத்துல பொறந்தவ, காசிமேடு பக்கம் ஒரு சாயங்கால டியூஷன்ல ஒம்பது வருஷமா கணக்கு எடுக்குறேன், அதனால சொல்றேன்.

ஆர்வம் இல்லன்னுதான் மொதல்ல நானும் நெனச்சேன். ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன், சதவீதக் கணக்கு போட சொன்னா நோட்ட மூடிட்டு ஜன்னல பாப்பான். ஒரு நாள் விடியக்காலைல மீன் வாங்க ஹார்பருக்கு போனா அங்க ஏலத்துல அவங்க அம்மா பக்கத்துல நிக்கிறான், இந்த கூடை சங்கராவ இன்னா வெலைக்கு கேக்கலாம், ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் எவ்ளோ போவும், கிலோ என்ன வெலை வெச்சா கையில துட்டு நிக்கும்னு அம்மா காதுல அவன்தான் சொல்லிட்டே இருக்கான், பேனா இல்ல பேப்பர் இல்ல. இவனையா நான் மக்குன்னு நெனச்சேன்னு அன்னைக்கு ஃபுல்லா மனசு ஆறல.

பிரேசில்ல ரெசிஃபே நகரத்துல தெருவுல விக்கிற பசங்கள வெச்சு 1985-ல ஒரு ஆய்வு வந்துச்சு. அஞ்சே பசங்கதான், ஆனா வியாபாரத்துல கேட்டப்ப 98 சதவீதம் சரியா சொன்னவங்க, அதே கணக்க வெறும் எண்ணா குடுத்தப்ப 37 சதவீதம்தான் சரியா போட்டாங்க. 2025-ல கொல்கத்தா, டெல்லி மார்க்கெட் பசங்க கிட்ட பெருசா பண்ணப்பவும் இதே கததான், இன்னொண்ணு, ஸ்கூல் கணக்கு வர்ற பசங்களுக்கு மார்க்கெட் கணக்கு வரல. ஒரு பக்கம் தெரிஞ்சது இன்னொரு பக்கம் தானா போய் சேராது, நடுவுல கைய புடிச்சு கூட்டிட்டு போறதுதான் நம்ம வேலை.

நான் பங்கு கணக்குல ஆரம்பிச்சேன். மீன் புடிக்கப் போன போட்டு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டு செலவ கழிச்சிட்டு மிச்சத்த ஓனருக்கும் ஆளுங்களுக்கும் பங்கு பிரிப்பாங்கல்ல, அத அவங்களயே போர்டுல போட வெச்சேன், வீட்டுக்கு வீடு பிரிக்கிற முறை வேறயா இருந்ததுல ஒரே சண்டை, அந்த சண்டைலதான் விகிதம் முழுசா புரிஞ்சுது. அதே வாரம் புக்ல இருக்குற விகித கணக்கையும் போட்டாகணும், அத விடவே கூடாது. இந்த மாதிரி சொல்லித்தர்றத பத்தி 1995-ல எழுதுன குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ்ங்கிற அமெரிக்க பேராசிரியர் சொன்னதுலயும், பசங்களோட பண்பாட்ட மதிக்கிறது, சுத்தி நடக்குற அநியாயத்த கேள்வி கேக்க வெக்கிறதோட, அவங்க நிஜமாவே படிச்சு தேறணும்ங்கிறது இருக்கு. மீன் படம் ஒட்டி வெச்சா மட்டும் போதாதுங்க.

நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லிடுறேன். காசிமேடுன்னாலே மீனுதான்னு எல்லாருக்கும் மீன் கணக்கே குடுத்துட்டு இருந்தேன், ஒரு பொண்ணு எழுந்து "மிஸ், எங்க அப்பா டெய்லரு, எனக்கு கேரம்தான் புடிக்கும், நீங்க கேக்கவே இல்லியே"ன்னு சொல்லிடுச்சு. புது வண்ணாரப்பேட்டை ஆட்டோக்காரர் பொண்ணு காசிமா 2024-ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் ஜெயிச்ச நேரம் அது, எங்க தெரு பொண்ணுங்க எல்லாம் போர்டும் கையுமா இருந்தாங்க. அப்புறம் அந்த பொண்ணே கேரம் போர்ட தூக்கிட்டு வந்து, காயின் போர்டு ஓரத்துக் கட்டைல பட்டு திரும்புற கோணத்த மத்தவங்களுக்கு அளந்து காட்டுச்சு. அதனால நீங்களா முடிவு பண்ணாதீங்க, ஒவ்வொரு பிள்ளை கிட்டயும் கேளுங்க.

பேச்ச வெச்சு மட்டும் தயவுசெஞ்சு மட்டம் தட்டாதீங்க. "இன்னா மிஸ், இத்த எப்டி போட்றது"ன்னு கேக்குற பையன "ஒழுங்கா பேசு"ன்னு அடக்குனா அவன் பேச்ச திருத்திக்க மாட்டான், கேள்வி கேக்குறதையே நிறுத்திடுவான். எழுதும்போது எழுத்துத் தமிழ் தனியா சொல்லிக்குடுங்க, வாய் பேச்சுல கை வெக்காதீங்க.

பேரன்ட்ஸ் மீட்டிங்க காலைல பத்து மணிக்கு வெக்காதீங்க, மீன் விக்கிற அம்மாங்க அப்போ கூடையோட தெருவுல இருப்பாங்க, சாயங்காலம் வெச்சா வருவாங்க. அப்பாங்கள புடிக்கணும்னா ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், போட்டுக்காரங்க கரைலதான் இருப்பாங்க. போன மே மாசம் ஒரு அப்பா டியூஷனுக்கு வலையோட வந்து, கடல் ஆழத்த பாகம் கணக்குல எப்படி அளப்பாங்க, ஒரு பாகம்னா சுமாரா ஆறடின்னு சொல்லிக்குடுத்தாரு. அவரு பையன் மொத பெஞ்சுல வந்து உக்காந்து பாகத்த மீட்டரா மாத்தி எழுதிட்டு இருந்தான், ஆமா, அந்த ஜன்னல பாத்துட்டு இருந்த பையன்தான்.