பூச்சிகள் ஆண் இல்லாமல் இனம் பெருக்க உள்ளிருக்கும் பாக்டீரியாதான் காரணமா?

எல்லாப் பூச்சிகளிலும் அல்ல. செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஆணின்றிப் பெருகுவது அதன் சொந்த இயல்பு. ஆனால் பல ஒட்டுண்ணிக் குளவிகளில் நீங்கள் கேட்டது அப்படியே உண்மை. அங்கே காரணம் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா.

நான் டிரைக்கோகிரம்மா குளவி வளர்த்திருக்கிறேன். உருவம் அரை மில்லிமீட்டர்தான். அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். நாலைந்து நாளில் அந்த முட்டை கறுத்துவிடும். வெளியே வரும் குளவியை நுண்ணோக்கியில் பார்த்தால், உணர்கொம்பில் நீண்ட முடிகள் இருப்பது ஆண், நுனி தடித்திருப்பது பெண். ஒரு வளர்ப்பில் எத்தனை பார்த்தும் முடியுள்ள கொம்பு ஒன்றுகூடத் தென்படவில்லை. அன்றைக்குப் பிடித்த ஆர்வம் எனக்கு இன்னும் விடவில்லை.

குளவி, எறும்பு, தேனீ இனங்களில் பொதுவாகக் கருவுற்ற முட்டை பெண்ணாகும். கருவுறாதது ஒரே ஒரு தொகுதி குரோமோசோமோடு ஆணாகும். வோல்பாக்கியா உள்ள டிரைக்கோகிரம்மாவில், கருவுறாத முட்டையின் முதல் பிளவில் இரட்டித்த குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே உட்கருவில் தங்கிவிடுகின்றன. தொகுதி இரண்டாகிவிட்டது, அப்புறம் அது பெண்தான். பாக்டீரியாவுக்கு இதில் என்ன லாபம்? அது முட்டை வழியாக மட்டுமே அடுத்த தலைமுறைக்குப் போகும், விந்தணுவில் அதற்கு இடமில்லை. ஆண் உடலில் மாட்டினால் அதோடு சரி.

1990-இல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்டவுதாமர் குழுவினர் இக்குளவிகளுக்கு, பாக்டீரியாவை ஒழிக்கும் டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளைக் கொடுத்தார்கள், ஆண்கள் பிறந்தன. அதிக வெப்பத்தில் வளர்த்தாலும் இதே விளைவுதான்.

சில பூச்சிகளில் வோல்பாக்கியா ஆண் கருவையே கொன்றுவிடும். சமோவா தீவுகளில் ஹைப்போலிம்னஸ் பொலினா வண்ணத்துப்பூச்சியில் 2001-இல் ஆண்கள் சுமார் 1 சதவீதம்தான். 2006-க்குள் அது 40 சதவீதத்தை நெருங்கிவிட்டது. கொல்லும் திறனை அடக்கும் மரபணு பூச்சிக்குள் பரவியதே காரணம். பாக்டீரியா அங்கேயேதான் இருந்தது.

எல்லா இனங்களுக்கும் அப்படித் திரும்பிவரும் வழி இல்லை. வெள்ளை ஈயைத் தாக்கும் என்கார்சியா ஃபார்மோசா குளவிக்கு மருந்து கொடுத்தால் ஆண்கள் பிறக்கும், அவற்றில் விந்தணுவும் உண்டாகும். ஆனால் கருத்தரிப்பு நடப்பதில்லை. இனி அந்தப் பெண்கள் மகள்களைப் பெற வேண்டுமென்றால் அந்த பாக்டீரியா இருந்தே ஆக வேண்டும்.