தெருநாயை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு: கேள்வி பதில்

தெருவிலிருந்தும் காப்பகங்களிலிருந்தும் நாட்டு நாய்களைத் தத்தெடுத்தவர்கள், எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சில இடங்களில் மருந்தின் பெயரும் அளவும் வரும். டாக்டர் எழுதிக் கொடுப்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மட்டும்தான் அது. எடை பார்த்து எழுத வேண்டியவர் அவர்தான்.

கேள்வி (தாம்பரம்): அக்கா, ரெண்டு மாசக் குட்டி ஒண்ணைத் தெருவிலேர்ந்து தூக்கிட்டு வந்துட்டோம். வீட்டுல ஏற்கெனவே ஒரு நாய் இருக்கு. முதல்ல குளிப்பாட்டணுமா, ஊசி போடணுமா?

முதலில் தனி அறை. குளியல் இன்றைக்கு வேண்டாம். இரண்டு மாதக் குட்டிக்கு உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்துங்கள். அது போதும்.

தனி அறை எதற்கு என்றால், பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் கொடிய வைரஸ்) கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும், சிலதில் 14 நாள் வரை போகும். இன்று துள்ளி விளையாடும் குட்டி வியாழக்கிழமை வாந்தி எடுக்கலாம். அதனால் இரண்டு வாரம் உங்கள் பெரிய நாயோடு சேர்க்காதீர்கள். தட்டு, துணி, அந்த அறைக்கான செருப்பு எல்லாம் தனியாக இருக்கட்டும். பெரிய நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், தேதி தாண்டியிருந்தால் முதலில் அதற்குப் போடுங்கள். குட்டி காய்ச்சல் இல்லாமல் சுறுசுறுப்பாக இருந்தால் டாக்டர் உடனே ஊசி போடலாம். ஆனால் ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, தனி அறையைக் கைவிடாதீர்கள்.

தரை துடைப்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பினாயில் மணக்கும், பார்வோவைக் கொல்லாது. முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள், பிறகு 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து தரையை நனைத்து 10 நிமிடம் அப்படியே விடுங்கள், அப்புறம் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிளீச்சோடு ஆசிட், பினாயில் எதையும் கலக்காதீர்கள். மண் தரையிலும் தோட்டத்திலும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். போன முறை ஒரு குட்டி பார்வோவில் போன வீடாக இருந்தால், ஊசி முடியாத அடுத்த குட்டியை அங்கே இறக்கக் கூடாது.

வாந்தி, சோர்வு, நாற்றமடிக்கும் ரத்தப் பேதி என்று ஏதாவது தெரிந்தால் குளுக்கோஸ் தண்ணீர் புகட்டிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். வாந்தி எடுக்கும் குட்டிக்கு வாய்வழியாகக் கொடுப்பது நிற்காது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அன்றே போனால் பிழைக்கிற குட்டிகள் நிறைய.

கேள்வி (ஈரோடு): மூணு ஊசி போட்டும் எங்க குட்டிக்குப் பார்வோ வந்துடுச்சு. ஊசி போலியா?

எந்தெந்த வயதில் போட்டீர்கள் என்று பாருங்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்துச் செயலிழக்க வைத்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை போடச் சொல்வது. மூன்று என்ற எண்ணிக்கையைவிடக் கடைசி ஊசி 16 வாரத்தில் விழுந்ததா என்பதுதான் முக்கியம். 11, 12 வாரத்தோடு நிறுத்தியிருந்தால் ஓட்டை அங்கேதான். ரேபிஸ் ஊசி தனி: 3 மாதத்தில் ஒன்று, டாக்டர் சொல்கிற இடைவெளியில் பூஸ்டர், அப்புறம் வருடா வருடம்.

குடற்புழு மருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பெரும்பாலான மாத்திரைகள் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கு. கண்மதிப்பு வேண்டாம், குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி உங்கள் எடையைக் கழியுங்கள்.

கேள்வி (மதுரை): காப்பகத்திலேர்ந்து ரெண்டு வயசு பெண் நாய் எடுத்தோம். நாலு நாளா கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கு. சாப்பாட்டைக் கூட ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகுதான் தொடுது. வெளியே இழுத்துப் பழக்கணுமா?

இழுக்கவே கூடாது. முதல் கடி பெரும்பாலும் கட்டிலுக்கு அடியில் கையை விடும்போதுதான் விழுகிறது. அதற்கு அந்த இடம் ஒன்றுதான் இப்போது பத்திரம்.

நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு, எல்லோருக்கும் கஷ்டமாக இருப்பதும் அதுதான். தண்ணீரையும் சோற்றையும் கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே தட்டு. அறையில் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். கண்ணைப் பார்க்காதீர்கள், கை நீட்டாதீர்கள். அவ்வப்போது வேகவைத்த கோழித் துண்டைப் பக்கத்தில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளுங்கள். அதுவாக வந்து முகர்ந்தால் அப்போதும் தொடாதீர்கள். மூன்றாவது நான்காவது முறை வரும்போது தலைக்கு மேலே கை கொண்டுபோகாமல் மார்பைச் சொறிந்துவிடுங்கள். சொந்தக்காரர்கள் பார்க்க வருவதெல்லாம் அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டு வழக்கம் புரிய மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். தோராயக் கணக்குதான், அடி வாங்கி வளர்ந்த நாய்க்கு இன்னும் நாளாகும். ஆனால் முழுசாக 24 மணி நேரம் தண்ணீர் குடிக்கவில்லை, அல்லது இரண்டு நாளாகச் சோற்றை இரவில்கூடத் தொடவில்லை என்றால் அது பயம் மட்டும் அல்ல. டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): உண்ணி மாத்திரை கொடுத்தும் உண்ணி வந்துகிட்டே இருக்கு. சுவத்துல எல்லாம் ஏறுது மேடம்!

சுவரில் ஏறுவதுதான் உங்கள் பிரச்சினையே. நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான், மீதி எல்லாம் வீட்டில் இருக்கிறது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் கதவு நிலைக்குப் பின்னாலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். பொரிந்தவை மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும்.

ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் வகை மாத்திரைகளில் உண்ணி கடித்த பிறகுதான் சாகும். அதனால் ஒன்றிரண்டு நாய் மேல் தெரிவதை வைத்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முன்னது ஏறத்தாழ 12 வாரத்துக்கு, பின்னது ஒரு மாதத்துக்கு. சாப்பாட்டோடு கொடுங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். இடைவெளி விடாமல் குறைந்தது மூன்று நான்கு மாதம் தொடர்ந்தால்தான் வீட்டில் இருப்பவை ஒவ்வொன்றாக நாய் மேல் ஏறிச் சாகும். கூடவே வெடிப்புகளைச் சிமெண்ட், புட்டி வைத்து அடையுங்கள், படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் போடுங்கள். மாட்டுக்கு அடிக்கும் மருந்தைக் கண்மதிப்பாகக் கலந்து ஊற்றாதீர்கள். அளவு கூடினால் எச்சில் ஒழுகி நடுக்கம் எடுக்கும், வீட்டில் பூனை இருந்தால் அதற்கு உயிருக்கே ஆபத்து.

உண்ணிக் காய்ச்சலை மறந்துவிடாதீர்கள். சோறு வேண்டாம் என்று ஒதுங்கும், காய்ச்சல், ஈறு வெளுத்துப் போவது, மூக்கில் ரத்தம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை பொதுவாக 28 நாள். ஐந்தாம் நாளே நாய் எழுந்து ஓடும், அதோடு மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும். உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபீசியாவுக்கு அந்த மாத்திரை மட்டும் போதாது, அதனால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் மருந்து தொடங்காதீர்கள். ரத்தம் மிகவும் குறைந்துவிட்ட நாய்க்கு ஏற்ற, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கான ரத்த வங்கி இருக்கிறது.

கேள்வி (சேலம்): சொறி நாய்க்குப் பழைய இன்ஜின் ஆயில் தடவினா போயிடும்னு மெக்கானிக் ஒருத்தர் சொல்றார்.

வேண்டாம். நாய் அதை நக்கியே தீரும், தோலும் உள்ளுறுப்பும் இரண்டும் கெடும். சொறியில் இரண்டு வகை. ஒன்று மற்ற நாய்க்கும் உங்கள் கைக்கும் தாவி அரிப்பு தரும். இன்னொன்று தாவாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்த குட்டிகளுக்கு வரும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். மேலே சொன்ன உண்ணி மாத்திரைகளே இரண்டுக்கும் கேட்கும், டாக்டர் முடிவு செய்யட்டும். முடி முளைக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

கேள்வி (திருச்சி): ஒரு மாசமா சொட்டுச் சொட்டா ரத்தம் போகுது. ஹீட்னு நினைச்சு விட்டுட்டோம். தெருவுல இருந்த நாய், வயசு நாலு இருக்கும்.

ஹீட் (பெண் நாய் இணைசேரத் தயாராகும் பருவம்) என்றால் மூன்று வாரத்துக்குள் நின்றிருக்க வேண்டும். தெருவில் இருந்த நாய்க்கு இப்படி விடாமல் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இணைசேர்க்கையில் தொற்றும் ஒருவகைக் கட்டி. உள்ளே பூக்கோசு மாதிரிச் சிவந்து இருக்கும். ஆண் நாய்க்கும் வரும், நக்குவதால் மூக்குக்கும் வாய்க்கும்கூடப் பரவும். கட்டி என்றதும் பயப்படாதீர்கள், நன்றாகக் குணமாகிற வகை. வின்கிறிஸ்டின் ஊசி வாரம் ஒன்று, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரத்த அணுக்கள் பார்க்க வேண்டும். ரத்தம் நின்றுவிட்டது என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்துபவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது. சீழ் மாதிரி வந்து, தண்ணீர் அதிகம் குடித்துச் சோர்ந்து கிடந்தால் அது கர்ப்பப்பைச் சீழாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.

கேள்வி (வேளச்சேரி): ஃபிளாட். தெருவுல வளர்ந்த நாய், வீட்டுக்குள்ள ஒண்ணுக்கே போக மாட்டேங்குது. 18 மணி நேரம் அடக்கி வெச்சுக்குது!

மண்ணிலேயே போய்ப் பழகியதற்கு டைல்ஸ் புரியாது. நல்லதுதான், பாதிப் பயிற்சி முடிந்த நாய் அது. ஒரு நாளைக்கு நான்கு முறை, எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி நேரத்திலும், மாலையிலும், படுக்கும் முன்னும், ஒரே மண் தரைக்குக் கூட்டிப்போய்ப் பேசாமல் நில்லுங்கள். போனதும் அதே இடத்தில் ஒரு துண்டு கறி. வீட்டுக்கு வந்து கொடுத்தால் எதற்கென்று தெரியாது. மழைக் காலத்துக்கு பால்கனியில் ஒரு அகலத் தட்டில் அதே மண்ணைக் கொட்டி வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): தயிர்சாதம், பாலும் பொறையும்தான் கொடுக்கிறோம். போதுமா?

வயிறு நிறையும், சத்து சேராது. பல நாய்களுக்குப் பால் பேதி தரும், தயிர் கொஞ்சம் பரவாயில்லை. கருத்தடை செய்த 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி: சோறு 250 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 250 கிராம், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி பூசணி அல்லது கேரட். இரண்டு வேளையாகப் பிரியுங்கள். இதில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்து தினம் அரை டீஸ்பூன் சேருங்கள். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதற்குக் குட்டிகளுக்கான தயார் உணவே நல்லது. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் கூடாது. பிரியாணிக் கடை எலும்பும் வேண்டாம், வெந்த எலும்பு கூராக உடையும்.

கேள்வி (கோவை): நாங்க எடுத்து வளர்க்கிற குட்டி விளையாட்டுல என் பையன் கையைக் கீறிடுச்சு, லேசா ரத்தம். குட்டிதானே, விட்டுடலாமா?

விடக் கூடாது. தெருவில் பிறந்த குட்டிக்கும் ரேபிஸ் இருக்கலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். இன்றே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில், தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (உடனே பாதுகாப்பு தரும் தயார் எதிர்ப்புச் சக்தி மருந்து) பற்றியும் கேளுங்கள். குட்டியைப் பத்து நாள் கவனிக்க வேண்டும்தான், அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

கேள்வி (போரூர்): அசோசியேஷன்ல நாய் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்காங்க. இன்னொண்ணு, முடியலைன்னா எடுத்த இடத்திலேயே விட்டுடலாமா?

வளர்ப்பு நாயைக் குடியிருப்பு சங்கம் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது, பெரும்பான்மைத் தீர்மானம் போட்டாலும் அப்படித்தான். அதே சமயம் ரேபிஸ் ஊசிச் சான்று, சென்னையில் மாநகராட்சி உரிமம் இரண்டும் கையில் இருக்கட்டும். வெளியே சங்கிலி, கழிவை அள்ளப் பை. சண்டைகளில் பாதி இந்தப் பை இல்லாததால் வருபவை.

இரண்டாவது கேள்விக்கு: கூடாது. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவிலேயே தத்தெடுத்த நாய் தெருவுக்குத் திரும்பாமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், மூன்று மாதம் வீட்டில் தூங்கிய நாயை அந்தத் தெரு நாய்கள் உள்ளே விடாது. கொடுத்த காப்பகத்திடம் முதல் வாரமே பேசுங்கள், வேறு வீடு தேட அவகாசம் இருக்கும்.

கேள்வி (திருநெல்வேலி): தீபாவளிக்கு மிரண்டு ஓடிடுமோன்னு பயமா இருக்கு.

புதிதாக வந்த நாய்க்கு கழுத்துப்பட்டை ஒன்று, உடம்புக் கச்சை ஒன்று, இரண்டிலும் தனித்தனிச் சங்கிலி. மிரண்டு பின்னால் இழுக்கும்போது சாதாரணப் பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும், இரண்டு விரல் மட்டும் நுழைகிற இறுக்கம் சரி. பட்டையில் உங்கள் போன் நம்பர். அந்த வாரம் நடை எல்லாம் விடியற்காலையில். ஜன்னல் இல்லாத அறை, ஃபேன், ரேடியோ. கதவைத் திறக்கும் முன் நாய் எங்கே என்று பார்ப்பது வீட்டில் எல்லோருக்கும் பழகட்டும். மிகவும் நடுங்கும் நாய் என்றால் பதற்றம் குறைக்கும் மாத்திரையைப் பத்து நாள் முன்பே டாக்டரிடம் கேட்டு, ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பாருங்கள். தீபாவளி அன்று முதல்முறை கொடுத்தால் எவ்வளவு கேட்கும் என்று தெரியாது. ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். முதல் இரவில் பெரும்பாலும் பக்கத்திலேயேதான் ஒளிந்திருக்கும். வெடிச் சத்தம் அடங்கிய பிறகு, மூன்று நான்கு மணி வாக்கில், அது தினம் சாப்பிடும் தட்டோடு போய் வண்டிகளுக்கு அடியிலும் கட்டடம் கட்டுகிற இடங்களிலும் பாருங்கள்.